பழைய சுழியோடி மணிக்கூடா, புதியதா? யாழ்ப்பாணத்து அன்றாடப் பாவனைக்குத் தெரிவு செய்யும் முறை

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளின் அலுமாரிகளில் ஒரு பழைய மணிக்கூடு இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தகப்பனாரோ மாமாவோ கட்டிக்கொண்டு வந்த சீக்கோவாகவோ சிற்றிசனாகவோ அது இருக்கும். கப்பலில் வேலை செய்தவர்களின் வீடுகளில் சுவிஸ் மணிக்கூடாகவும் இருக்கலாம். மறுபுறத்தில், ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் என்ன வாங்கிக்கொண்டு வரட்டும் என்று கேட்கும்போது, புதிய சுழியோடி மணிக்கூடு ஒன்றைச் சொல்லலாமா என்ற எண்ணமும் எழுகிறது. சுழலும் வளையமும், திருகிப் பூட்டும் பக்கத் திருகும், தடித்த உடற்கூடும் கொண்ட இந்த வகை மணிக்கூடுகள் கடலுக்குள் இறங்குவோருக்காக உருவாக்கப்பட்டவை. அவற்றின் உறுதியைக் கண்டு, ஓடியாடி வேலை செய்யும் எல்லோரும் இன்று அவற்றை விரும்பிக் கட்டுகிறார்கள்.

அன்றாடப் பாவனை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விடியற்காலையில் கிணற்றடியில் குளிப்பு, செம்மண் புழுதி பறக்கும் வீதியில் மோட்டார் சைக்கிள் ஓட்டம், தோட்டத்தில் வெங்காயத்துக்கு நீர் பாய்ச்சல், மாலையில் கரப்பந்தாட்டம், ஞாயிற்றுக்கிழமை காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நீச்சல், குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகும் படகில் உடம்பெல்லாம் தெறிக்கும் உப்புநீர் ஆகிய இவை அத்தனையும் ஒரே கையில், ஒரே மணிக்கூட்டின் மேல் நிகழ்கின்றன. இந்த வாழ்க்கைக்குப் புதிய மணிக்கூட்டையோ, 1990களிலோ அதற்குப் பின்னரோ வந்து, பராமரிப்பு வரலாறு தெரிந்த ஒன்றையோ தெரிவு செய்யுங்கள் என்பதே என் முடிவு. பழையதை விற்றுவிடச் சொல்லவில்லை. அது தண்ணீர் படாத நேரங்களில் கட்டவேண்டியது என்றே சொல்கிறேன். இதற்கான காரணம் முழுவதும் மூன்று நான்கு சிறிய றப்பர் வாசர்களில் அடங்கியிருக்கிறது.

தண்ணீரைத் தடுப்பது எது

மணிக்கூட்டுக்குள் தண்ணீர் புகக்கூடிய வாசல்கள் மூன்று: முன்கண்ணாடியின் விளிம்பு, பின்மூடி, பக்கத் திருகு. ஒவ்வொன்றையும் ஒரு வாசர் அடைத்துக் காக்கிறது. உடற்கூடு எவ்வளவு தடித்த உருக்காக இருந்தாலும் இந்த வாசர்கள் நல்ல நிலையில் இல்லாவிட்டால் அதனால் பயனில்லை. றப்பர் காலப்போக்கில் இறுகும், நசுங்கித் தட்டையாகும், பின்னர் வெடிக்கும்; வெப்பமும் வியர்வையும் இந்த முதுமையை விரைவுபடுத்தும். ஆகவே முகப்பில் 150 மீற்றர் என்று பொறித்திருப்பது, அந்த மணிக்கூடு தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளில் இருந்த தகுதியைச் சொல்கிறதே தவிர, இன்றைய தகுதியைச் சொல்லவில்லை.

சேகரிப்பாளர்கள் ‘ஆமை’ என்று அழைக்கும் சீக்கோ 6309 ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு மணிப் பக்கத்தில் திருகு அமைந்த, உருண்ட உடற்கூடு கொண்ட இந்த மணிக்கூடு 1976 முதல் 1988 வரை தயாரிக்கப்பட்டது. அவற்றுள் மிக இளையதற்கே இப்போது 35 வயதைத் தாண்டிவிட்டது. வாசர்களைப் புதிதாகப் போட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. வாசர் அமர்ந்திருக்கும் உருக்குத் தடத்தில் பல ஆண்டு வியர்வையின் உப்புத் தேங்கி நுண்ணிய குழிகளை அரித்திருந்தால், புதிய வாசரும் அந்தக் குழிகளின் ஊடாகத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். திருகு ஏறிப் பூட்டும் குழாயின் புரிகள் தேய்ந்திருந்தாலும் இதே நிலைதான். பின்மூடியைக் கழற்றி, தடத்தைத் துடைத்து, பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபின்தான் ஒரு திருத்துநர் இதைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லமுடியும். வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்து எவராவது உறுதி தந்தால் அதை நம்பவேண்டாம்.

எவ்வளவு ஆழம் தேவை

ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீற்றர் என்று பொறித்த சாதாரண மணிக்கூட்டை மழைத்துளிக்கும் கைகழுவலுக்கும் மட்டும் நம்பலாம். 50 மீற்றர் என்றால் சிறிது நீந்தலாம். 100 மீற்றர் என்றால் நீச்சலுக்குத் தாராளமாகப் போதும். 200 மீற்றர் என்பது காற்றுக் கலத்துடன் கடலுக்குள் இறங்குபவருக்கு உரியது. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழத்தைத் தாண்டாது என்பதை நினைத்துப் பார்த்தால், எங்கள் கடலில் எவருக்கும் 600 மீற்றர் மணிக்கூடு தேவைப்படாது என்பது விளங்கும். 200 மீற்றரை நான் பரிந்துரைப்பது ஆழத்துக்காக அன்று. அந்த வகையில் திருகிப் பூட்டும் பக்கத் திருகும் தடித்த வாசர்களும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால்தான்.

கீரிமலைக் கேணியில் குதித்தால் அந்த அடியின் வேகத்திலேயே தண்ணீர் புகுந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தால் இந்த அச்சம் மிகைப்பட்டது. கை வினாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் தண்ணீரை வெட்டிச் சென்றாலும், அந்த அசைவினால் கூடும் அழுத்தம் சுமார் 5 மீற்றர் ஆழத்துக்குச் சமமானது. நல்ல நிலையிலுள்ள 100 மீற்றர் மணிக்கூட்டை அது ஒன்றும் செய்யாது. குதித்தவுடன் தண்ணீர் புகுந்த மணிக்கூடுகளில் அனேகமாக வாசர் முன்னரே செத்திருக்கும், அல்லது திருகு பூட்டப்படாமல் இருந்திருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். சுழியோடி மணிக்கூட்டுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேச நியமம் உண்டு. 1982 இல் வெளியாகி, 1996 இலும் 2018 இலும் திருத்தப்பட்ட அந்த நியமம், குறைந்தது 100 மீற்றர் தகுதி, குறித்த ஆழத்தின் அழுத்தத்திலும் 25 வீதம் கூடிய அழுத்தத்தில் சோதனை, இருளில் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து நேரம் தெரிதல், உப்புநீரையும் அதிர்ச்சியையும் காந்தத்தையும் தாங்குதல் ஆகியவற்றைக் கேட்கிறது. அதற்கு அமைந்த சீக்கோக்களின் முகப்பில் ஆழத்தோடு ‘டைவர்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இருக்கும். 1996 முதல் 2019 வரை விற்பனையாகிய சீக்கோ எஸ்கேஎக்ஸ் 007 அப்படிப்பட்டது. 2019 இல் ஏறத்தாழ அதே தோற்றத்தில் வந்த சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் அப்படிப்பட்டதன்று. அதன் தகுதி 100 மீற்றர், அதன் திருகு பூட்டுவதில்லை, இழுத்துத் தள்ளுவது மட்டுமே. நல்ல மணிக்கூடுதான், கசூரினாவில் நீந்தவும் போதும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்கி வருபவர் இரண்டும் ஒன்றென்று எண்ணி வாங்கிவிடக் கூடாது.

பழையதைச் சோதிக்கும் முறை

வீட்டிலுள்ள பழைய மணிக்கூட்டையோ, விலைக்கு வந்த ஒன்றையோ கையில் எடுத்தால் முதலில் முகப்பை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரங்களில் கொப்புளம், முட்களில் துரு, திகதிச் சாளரத்தைச் சுற்றிக் கறை ஆகியவை முன்னொருநாள் தண்ணீர் புகுந்ததற்கான அடையாளங்கள். அதன்பின் திருகைத் தளர்த்தி மீண்டும் பூட்டிப் பாருங்கள். புரிகள் மென்மையாகப் பிடித்து ஏறி இறுக வேண்டும். வழுகினாலோ, பூட்டியபின் தானாகத் தளர்ந்தாலோ குழாய் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கடலுக்குள் இறங்கிய நேரத்தைக் குறித்துவைக்க உதவும் சுழல் வளையத்தையும் சுழற்றிப் பாருங்கள். இன்றைய சுழியோடி மணிக்கூடுகளில் அது இடப்பக்கமாக மட்டுமே சுழலும். தற்செயலாக நகர்ந்தாலும் கடலுக்குள் இருந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமே ஒழியக் குறைத்துக் காட்டாது. பழையவற்றில் பல இரு பக்கமும் சுழலும். கடலட்டை பிடிக்கவும் சங்கு குளிக்கவும் இறங்குபவர் காற்றுக் கணக்கை இந்த வளையத்தில் வைத்திருந்தால், இந்த வேறுபாடு உயிரோடு சம்பந்தப்பட்டது.

பழைய சீக்கோவின் பின்மூடியில் உள்ள தொடரிலக்கம் அதன் பிறப்பைச் சொல்லும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். இரண்டாவது மாதம், அதில் ஒக்ரோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் அவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களால் குறிக்கப்படும். 6309 இல் இலக்கம் 6, 7, 8 இல் ஒன்றில் தொடங்கினால் அது எழுபதுகளுடையதா எண்பதுகளுடையதா என்று தொடரிலக்கம் மட்டும் சொல்லாது. பின்மூடியின் இயந்திர எண்ணும் முகப்பின் அடியிலுள்ள சிறிய எண்ணும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இணையத்தில் விலைக்கு வரும் பழைய சீக்கோக்களில் முகப்பு, முள், வளையம் எல்லாம் பின்னாளில் வேறெங்கோ செய்து மாட்டப்பட்டவை ஏராளம். நாற்பது வயது மணிக்கூட்டின் முகப்பு நேற்று அச்சடித்ததுபோலப் பளபளத்தால் சந்தேகப்படுவது தகும். அன்றாடம் கட்டுவதற்கு மாற்றுப்பாகங்கள் குற்றமன்று. அசல் என்ற பெயரில் அசலின் விலையைக் கொடுப்பதுதான் தவிர்க்கவேண்டியது.

இயந்திரத்தைப் பார்க்க, மணிக்கூட்டை ஒரு நாள் முழுவதும் கட்டிவிட்டுக் கைத்தொலைபேசியின் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளில் சில நிமிடங்கள் முந்தினாலோ பிந்தினாலோ எண்ணெய் வற்றியிருக்கக்கூடும், காந்தமும் ஏறியிருக்கலாம். 6309 ஐத் திருகால் முறுக்கி ஓட்ட முடியாது. கை அசைவில்தான் அது முறுக்கேறும். இதை அறியாமல் திருகை வலிந்து திருப்பக்கூடாது.

உள்ளே ஏற்கனவே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே அறிய ஒரு சோதனை உண்டு. சுடுநீர்ப் போத்தலின் மேல் துணி விரித்து அதன்மேல் மணிக்கூட்டைச் சிறிது நேரம் வைத்து, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு, அதாவது 40 முதல் 45 பாகை செல்சியசுக்கு வந்ததும், கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர்த்துளி ஒன்றை விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் பனி படிந்திருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது. ஐஎஸ்ஓ நியமத்தில் உள்ள சோதனையின் எளிய வடிவமே இது. பனி படியாவிட்டால் இப்போது ஈரம் இல்லை என்பது மட்டுமே உறுதியாகும். இனிப் புகாது என்பதற்கு அழுத்தச் சோதனை ஒன்றே சான்று. அதற்கான கருவியில் மணிக்கூட்டைக் காற்றழுத்தத்துக்கு உட்படுத்தி, உடற்கூடு எவ்வளவு நெளிகிறது என்று அளப்பார்கள், தண்ணீர் தொடவேண்டியதில்லை. திருத்துநரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அந்தக் கருவி இருக்கிறதா என்பதே. இல்லையென்றால் கொழும்புக்குப் போகும்போது செய்வியுங்கள், அல்லது வந்துபோகும் உறவினரிடம் கொடுத்துவிடுங்கள். அதுவரை அந்த மணிக்கூட்டைக் கிணற்றடிக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

1960களின் முற்பகுதி வரையான மணிக்கூடுகளில் இருளில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசப்பட்டது. அதன் அரைவாழ்வுக் காலம் 1600 ஆண்டுகள். ஒளி அணைந்துபோனாலும் கதிர்வீச்சு அணையவில்லை. அத்தகைய மணிக்கூட்டை வீட்டில் திறக்கவும், பூச்சைச் சுரண்டவும் கூடாது. உதிர்ந்த தூசியை மூச்சில் இழுப்பதே பெரிய ஆபத்து. சிறுவர் கையிலும் கொடுக்கவேண்டாம். முகப்பின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில ‘ரி’ எழுத்து இருந்தால் அது ட்ரிற்றியம். 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் அதில், 50 ஆண்டுக்குப் பின் பதினாறில் ஒரு பங்களவே எஞ்சியிருக்கும். ஆபத்துக் குறைவு, ஒளியும் இல்லை. விடியுமுன் வள்ளம் தள்ளுபவருக்கும் இருளில் நேரம் பார்ப்பவருக்கும், தொண்ணூறுகளில் வந்த கதிர்வீச்சற்ற ஒளிப்பூச்சே உதவும்.

புதியவற்றுள் எது

புதிய மணிக்கூடுகளை இயங்கும் முறையால் மூன்றாகப் பிரிக்கலாம்: பற்றரியால் ஓடுவது, வெளிச்சத்தால் பற்றரி நிரம்பி ஓடுவது, கை அசைவால் ஓடும் ஓட்டோமற்றிக். இந்த ஊருக்கு நான் முதலிடம் கொடுப்பது இரண்டாவதற்கு. சிற்றிசன் புரோமாஸ்ரர் எக்கோ டிரைவ் வகையில் 200 மீற்றர் தகுதியுள்ளவை உண்டு. ஒருமுறை முழுதாக நிரம்பினால் இருளிலும் ஏறத்தாழ ஆறு மாதம் ஓடும், எங்கள் வெயிலில் அது வெறுமையாகும் பேச்சே இல்லை. என் தெரிவுக்குக் காரணம் வெயில் மட்டுமன்று. சாதாரண பற்றரி மணிக்கூட்டின் பின்மூடியைச் சில ஆண்டுக்கு ஒருமுறை திறந்தாகவேண்டும். பஸ் நிலையத்தடியில் அவசரத்தில் பற்றரி மாற்றும்போது வாசர் முறுக்கிக்கொண்டோ, தூசியோடோ, சிலிக்கன் கிறீஸ் இல்லாமலோ மீண்டும் மூடப்படுகிறது. அத்தோடு 200 மீற்றர் தகுதி முடிந்துபோகிறது, உரிமையாளருக்கு அது தெரியாது. வெளிச்சத்தால் ஓடுவது பல ஆண்டுகளுக்குத் திறக்கப்படாமலே இருக்கும். பற்றரி வகையையே வாங்குவதானால், விலை குறைந்தவற்றுள் 200 மீற்றர் தகுதியும் பூட்டும் திருகும் உள்ள கசியோ டூரோ நல்ல தெரிவு; ஆனால் ஒவ்வொரு பற்றரி மாற்றத்தின்போதும் வாசரைச் சரிபார்க்கும்படி நின்று கேட்டு வாங்குங்கள்.

ஓட்டோமற்றிக் விரும்புபவர்களை நான் தடுக்கமாட்டேன். அதன் உயிர்ப்பே வேறு. சீக்கோ 2016 இல் ‘ஆமை’ வடிவத்தை 200 மீற்றர் தகுதியோடும், திருகால் முறுக்கவும், நேரம் திருத்தும்போது வினாடி முள்ளை நிறுத்தவும் கூடிய புதிய இயந்திரத்தோடும் மீண்டும் கொண்டுவந்தது. தகப்பனாரின் 6309 மேல் உள்ள ஆசையால் பழையதைத் தேடுபவருக்கு இதுவே சரியான விடை என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் நிற்பது முன்சொன்ன எஸ்கேஎக்ஸ். பழமையின் தோற்றம் உண்டு, நியமமும் உண்டு, அதன் இயந்திரம் முற்றாகப் பழுதானாலும் இன்று கிடைக்கும் சீக்கோவின் என்எச் 36 இயந்திரத்தை அதே இடத்தில் பொருத்தலாம். பாகம் கிடைப்பது அன்றாட மணிக்கூட்டுக்குப் பெரிய பலம். இருந்தாலும் அதிலும் முதலில் செய்தவற்றுக்கு 30 வயது நெருங்குகிறது. வாங்கியதும் வாசர்களை மாற்றிவிடுங்கள். எந்த ஓட்டோமற்றிக்கையும் கொங்கிறீற் உடைக்கும்போதும் அலவாங்கு போடும்போதும் கழற்றிவைப்பது நன்று. கரப்பந்தாட்டத்தில் மணிக்கூட்டைவிடப் பந்தடிக்கும் உங்கள் கைக்கே இடைஞ்சல்.

கண்ணாடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால்: பழைய அக்ரிலிக் எளிதில் கீறும், தேய்த்து மினுக்கலாம், கனிமக் கண்ணாடி நடுத்தரம், சஃபையர் கீறுவது அரிது, ஆனால் கடும் அடியில் உடையும்.

பட்டி, கழுவல், பிழைத்தால் செய்யவேண்டியது

தண்ணீர் புகுந்து கெட்ட மணிக்கூடுகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பட்டியை உடற்கூட்டோடு இணைக்கும் ஸ்பிரிங் பின் துருப்பிடித்து முறிந்து கடலோடு போனவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மலிவான அந்தப் பின்களை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பட்டியாக, உடற்கூட்டின் அடியால் ஒரே துண்டாக ஓடும் நைலோன் பட்டியே எனக்கு மிகவும் விருப்பம். ஒரு பின் முறிந்தாலும் மற்றப் பின்னில் மணிக்கூடு தொங்கி நிற்கும். தோற்பட்டி எங்கள் வியர்வையில் விரைவில் அழுகி மணக்கும். அதைப் பழைய மணிக்கூட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கடலிலிருந்து வந்ததும் திருகு பூட்டியபடியே நல்லதண்ணீரில் கழுவி, வளையத்தை அந்தத் தண்ணீருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். உப்புக் காய்ந்து வளையத்தின் கீழ் இறுகினால் பிறகு அசையாது. தீவகத்திலும் கரையோரத்திலும் கிணற்றுநீர் உவராக இருப்பதாலும், குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்து நீர் காய்ந்தால் வெண்படிவு விடுவதாலும், மழைநீரோ வடிகட்டிய குடிநீரோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். எண்ணெய் முழுக்கின்போது கழற்றிவையுங்கள். எண்ணெயும் அரப்புத்தூளும் வளையத்தின் கீழ்ப் போய்ச் சேர்ந்து அகலமறுக்கும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் மணிக்கூட்டை வைத்துவிட்டுப் போவது வாசர்களை வேகவைப்பதற்குச் சமம். ஈரக்கையோடு திருகைத் திறந்து திகதி மாற்றவும் வேண்டாம்.

எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் கண்ணாடிக்குள் பனி தென்பட்டால், அரிசிக்குள் புதைப்பதும் வெயிலில் காயவைப்பதும் பயனற்றவை; அரிசித் தூசி உள்ளே போவதே மிச்சம். புகுந்தது நன்னீராக இருந்தால், திருகைத் தளர்த்தி இழுத்துவிட்டு மின்விசிறிக்கு முன்னால் வைத்து, அடுத்த நாளாவது திருத்துநரிடம் சேர்ப்பியுங்கள். ரேடியம் பூசியதாகச் சந்தேகிக்கும் மணிக்கூடாக இருந்தால் அதையும் முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுங்கள். கடல்நீர் புகுந்திருந்தால் அடுத்த நாள் வரை பொறுக்கக்கூடாது. உப்பு ஓர் இரவிலேயே உருக்குப் பாகங்களில் துருவைத் தொடங்கிவிடும். அன்றே கொண்டுபோய், இது கடல்நீர் என்று சொல்லி, பின்மூடியைத் திறந்து இயந்திரத்தை வெளியே எடுத்துக் கழுவும்படி கேளுங்கள்.